கொக்கு நிறுத்தம்

டெய்லரிடம் கோல்ஃப் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் நாள் மட்டையைத் தொட முடியாது. சுவரோடு முதுகை ஒட்டி, இரண்டு கைகளையும் விரித்து நிற்க வேண்டும். அவர் சட்டைப் பையிலிருந்து இன்ச் டேப்பை உருவி, ஒரு கை விரல் நுனியிலிருந்து மறு கை விரல் நுனி வரை அளப்பார். பிறகு உயரம். பிறகு மார்புச் சுற்றளவு. கடைசியில் ஸ்டூலில் உட்காரவைத்து, தோளில் குறுக்கே ஒரு குச்சியைப் பிடிக்கச் சொல்லி, இடுப்புக்கு மேலே உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பார். அந்தப் பயிற்சித் திடலில் அவருக்கு டெய்லர் என்று பெயர் வந்தது இதனால்தான். மற்றபடி ஊசியில் நூல் கோர்க்கக்கூட அவருக்குத் தெரியாது.

மட்டையைத் தூக்கி, இறக்கி, பந்தை அடித்து முடிக்கும் ஒரே வீச்சுக்குப் பெயர் ஸ்விங். நீளக் கையும் ஒல்லி உடம்பும் உள்ளவருக்கு அது அகலமாக, உயரமாகப் போக வேண்டும். பீப்பாய் மார்புக்காரருக்குச் சின்னதாக, உடம்பைச் சுற்றினாற்போல் இருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் பந்து கெடுவது அப்புறம், முதலில் உடம்பு கெடும். டெய்லரின் தொழில் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடக்கம்.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் சுவரோடு ஒட்டி நின்றவர் வக்கீல். பழைய மாணவர்தான். ஆனால் டெய்லர் வருடத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் திரும்ப அளப்பார்.

"கையை விரிங்க சார்."

"என்னய்யா, கைது பண்ணப் போறியா?"

"மூச்சை இழுத்து வயித்தை உள்ள கொண்டுபோகாதீங்க. உள்ளது உள்ளபடி நில்லுங்க."

"தொப்பையை இன்னிக்கு வீட்டுலயே விட்டுட்டு வரலாம்னுதான் பார்த்தேன் டெய்லர். நான் செருப்பு மாட்டுறதுக்குள்ள அது கேட்டைத் திறந்துட்டு முன்னாடி போயிடுச்சு."

டேப் இடுப்பைச் சுற்றி வந்து, போன வருட அளவைத் தாண்டிப் போய் நின்றது. டெய்லர் சிரிக்கவில்லை. "இனிமே மட்டையை அவ்வளவு பின்னால கொண்டுபோகாதீங்க. முக்கால்தான் உங்களுக்கு. அடிச்சுக் காட்டுங்க."

வக்கீல் மட்டையை மேலே கொண்டுபோனார். அங்கே, உச்சியில், ஒரு மூச்சு நேரம் அப்படியே நிறுத்தினார். பிறகு இறக்கினார்.

"அந்த நிறுத்தம் வேணாம்" என்றார் டெய்லர், சட்டென்று.

"எது? கொக்கு நிறுத்தமா? நீதானய்யா சொல்லிக்கொடுத்த! டிவில போட்டுப் போட்டுக் காட்டினியே. இந்தத் திடல்ல பாதிப் பேர் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி மேலே நின்னுட்டுதான் இறங்குறான்."

"இனிமே வேணாம்."

வக்கீல் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மட்டையைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமை ஞாபக ஆட்டம்னு மனசு சரியில்லையா? சரி விடு. உங்க அண்ணன் மாதிரி ஒரு மனுஷன் இனிமே கிடைக்க மாட்டார்."

கொக்கு என்பது டெய்லரின் அண்ணன். நெடுநெடுவென்று உயரம், நீளக் கால்கள், நின்றால் தண்ணீரில் நிற்கும் கொக்குதான். பக்கத்து கோல்ஃப் மைதானத்தின் புல்லுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். அவர் இறந்து ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருடம் ஆகிறது. அவர் வளர்த்த புல்லிலேயே அவர் நினைவாக ஓர் ஆட்டம் வைத்திருந்தார்கள்.

வக்கீல் கிளம்பியதும் அண்ணி வந்தார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பிரிவில் வேலை. நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக வந்திருந்தார். தோளில் அண்ணனின் மட்டைப் பை. குட்டையான, அகலமான அந்த உடம்பில் பையின் வாய் காதுக்கு மேலே நின்றது.

"தம்பி, ஞாயித்துக்கிழமை முதல் பந்தை நான் அடிக்கணும்னு கேட்டிருக்காங்க. சரின்னுட்டேன்."

"நீங்களா? உங்களுக்கு எப்ப அண்ணி இதெல்லாம்…"

"மாசக்கணக்கா பழகுறேன். எங்க குடியிருப்புல கார் நிறுத்துற இடத்துல, பஞ்சுப் பந்தை வச்சுக்கிட்டு. அந்த வாட்ச்மேன் நான் ஏதோ எலியைத் துரத்தித் துரத்தி அடிக்கிறேன்னு நினைச்சான் பாவம்."

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

"உங்க அண்ணன்தான்." போனை எடுத்துக் காட்டினார்.

டெய்லருக்குப் பார்க்காமலே தெரிந்தது. அவரே எடுத்த காட்சி அது. அண்ணன் வாழ்ந்த கடைசி வருடத்தில், இதே திடலில், சாய்வெயிலில். மட்டை மேலே போகும். நிற்கும். இறங்கும்.

"கடைசியில கொஞ்சம் திருத்திக் கொடுத்தாப் போதும் தம்பி. அவர் அடிக்கிற மாதிரியே இருக்கணும். அவரோட மட்டையில."

"முதல்ல அளந்துடலாம் அண்ணி. சுவரோட…"

"எனக்கு அளவெல்லாம் வேணாம்" என்றார் அண்ணி. "என் ஸ்விங்கையா கேட்டேன்? அவரோடதைக் கேட்டேன்."

பையிலிருந்து இருப்பதிலேயே நீளமான மட்டையை உருவினார். ஆறடியைத் தாண்டிய ஓர் ஆளுக்கென்று செய்த மட்டை. பந்துக்கு முன் நின்று, எட்டாத இடத்தை எட்டுகிறவர் போலக் கைகளை நீட்டி, மேலே கொண்டுபோனார்.

நிறுத்தினார்.

முகம் லேசாக இடது பக்கம் சாய்வது, தாடை இறுகுவது, எல்லாம் அப்படியே அண்ணன். ஒரு நொடி அண்ணனே அந்த நீலக் கோட்டுக்குள் நின்றார்.

மட்டை இறங்கியது. பந்தின் தலையை உரசியது. பந்து நாலு அடி உருண்டு நின்றது. அண்ணி அதை எடுக்கக் குனியவில்லை. குனியப் போய், பாதியில் நிமிர்ந்து, காலால் தள்ளிக்கொண்டார். இடது முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது.

"விலாவுல வலிக்குதா?"

"பழக்கமில்லாத உடம்பு. வலிக்கத்தானே செய்யும்?"

"எத்தனை நாளா?"

"அட, விடுங்க தம்பி. கோட்டுக்குள்ள துணி சுத்தியிருக்கேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கும்."

"அண்ணி, இது உங்க உடம்புக்கு ஆகாது. உங்க கை நீளம் வேற, அண்ணன் கை நீளம் வேற. இந்த மட்டையை வேணா கொஞ்சம் அறுத்துச் சின்னதாக்கி…"

"அறுக்குறதா?" அண்ணியின் குரல் உயரவில்லை, இறங்கியது. "அவர் கை பட்ட மட்டையை அறுத்துக் குட்டையாக்கச் சொல்றீங்களா? நீங்களா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டெய்லர் அந்த நாலு அடிப் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. அதைத்தான் சொல்லவில்லை.

அண்ணன் போன பிறகு ஒரு பகலில், ஆளில்லாத திடலில், அந்தக் காட்சியை அவர் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்திருந்தார். நோய் இடது இடுப்பெலும்பை உள்ளிருந்தே அரித்திருக்கிறது, வெளியே தெரியாமல் ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காட்சியில் மட்டை மேலே போய் நின்றது. எத்தனையோ தடவை பார்த்த இடம்தான். அன்றைக்குத்தான் புரிந்தது. அடுத்த நொடியில் உடம்பின் மொத்த எடையும் இடது இடுப்பின் மேல் வந்து விழ வேண்டும். அதற்கு முன்னால் அந்த மனிதர் தாடையை இறுக்கிக்கொண்டு தன்னைத் தயார் செய்துகொள்கிறார். அடித்து முடித்த பின் இடது காலில் ஊன்றி நிற்காமல் பின்னுக்குச் சாய்கிறார்.

அது வலி. அதை டெய்லர் அழகு என்று நினைத்தார். அண்ணன் அடிப்பதைக் காலம் முழுக்கக் கிண்டல் செய்தவர், அந்த வருடம்தான் "அண்ணா, இப்பதான் உன் ஸ்விங் கண்கொண்டு பார்க்குற மாதிரி இருக்கு" என்றார். படம் பிடித்தார். டிவியில் போட்டார். கொக்கு நிறுத்தம் என்று பெயரும் வைத்தார். யார் வந்தாலும் டேப்பை எடுத்தவர், கூடப் பிறந்தவனை ஒரு தடவைகூட அளந்ததில்லை. அண்ணனுக்கு எதற்கு அளவு என்று இருந்துவிட்டார்.

டிவி ரிப்பேர் என்று சொல்லி அந்தக் காட்சியை எடுத்துவிட்டார். ஆனால் எல்லோர் தோளிலும் அது உட்கார்ந்துவிட்டது. இப்போது அண்ணியின் விலாவுக்குள்ளும் இறங்கியிருக்கிறது.

சொன்னால், அண்ணியிடம் மிச்சம் இருக்கும் ஒரே அழகான காட்சியைப் பிடுங்கிக்கொள்வது. சொல்லாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்க அந்த நீள மட்டையை அண்ணி முழு வேகத்தில் வீசுவார். ஏற்கெனவே நைந்த விலா. முறிந்தாலும் ஆச்சரியமில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை டெய்லர் ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்ஸ்ரே அறையின் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நடைபாதை பெஞ்சில் கையில் கட்டுப் போட்டவர்களோடு அவரும் உட்கார்ந்தார். உள்ளிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"நெஞ்சை முன்னால ஒட்டி நில்லுங்க பெரியவரே. மூச்சை இழுங்க… பிடிங்க… அசையாதீங்க… ம், விடுங்க."

விளக்கு அணைந்தது. பெரியவர் சட்டைப் பொத்தானைத் தப்பும் தவறுமாக மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பின்னாலேயே அண்ணி.

"என்ன தம்பி, எங்க அடிபட்டுச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

அண்ணி அவரை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். குளிரூட்டிய அறை. உயரமான படுக்கை, அதன் மேலே தொங்கும் பெட்டி, மூலையில் ஒரு சக்கர ஸ்டூல், சுவரில் உயரம் அளக்கும் பலகை. டெய்லர் உட்காரவில்லை.

"அண்ணனோட அந்த நிறுத்தம் இருக்கே அண்ணி…" சட்டைப் பையிலிருந்த டேப்பைத் தொட்டார். "அது ஸ்டைல் இல்ல. நான்தான் தப்பாப் பார்த்தேன். அது வந்து…"

"வலி" என்றார் அண்ணி.

டெய்லர் நிமிர்ந்து பார்த்தார்.

"இடது இடுப்பு. எடையைப் போடுறதுக்கு முன்னாடி பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பாரு. தெரியும் தம்பி. தினமும் தைலம் தேய்ச்சவ நான். கடைசியில இந்தப் படுக்கையில படுக்கவச்சுப் படம் எடுத்ததும் நான்தான். டாக்டர் பார்க்குறதுக்கு முன்னாடி நான் பார்த்தேன்."

"தெரிஞ்சா ஏன் என்கிட்ட சொல்லல?"

அண்ணி மேசை மேல் இருந்த உறைகளை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

"சொல்ல வேணாம்னுட்டாரு. தசைப்பிடிப்புதான், சரியாயிடும்னு நினைச்சாரு. அப்புறம்… 'தம்பி வாழ்க்கையில முதல் தடவையா என் ஸ்விங் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கான். அதைக் கெடுத்துடாதே'ன்னாரு. சின்னப் புள்ளை மாதிரி அவ்வளவு சந்தோஷம் அவருக்கு."

டெய்லர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அண்ணி பக்கத்தில் வரவில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "கொஞ்சம் இருங்க" என்று மட்டும் குரல் கொடுத்தார்.

டெய்லர் திரும்பாமலே கேட்டார். "தெரிஞ்சுமா அதை அடிக்கிறீங்க?"

"தெரிஞ்சதாலதான்." அண்ணி மேலே தொங்கும் பெட்டியைப் பார்த்தார். "இந்த மெஷின்ல எலும்பு தெரியும் தம்பி. எங்க ஓட்டை, எங்க விரிசல், எல்லாம் தெரியும். வலி தெரியாது. அவருக்கு எப்படி வலிச்சதுன்னு அவர் சொல்லவே இல்ல. அந்த மட்டையை உச்சிக்குத் தூக்கி அவர் மாதிரியே நிறுத்தினா, அது எப்படி இருந்திருக்கும்னு ஒரு தடவையாவது தெரியும்னு பார்த்தேன்."

"தெரிஞ்சுதா?"

அண்ணி மறுபடி உறைகளைக் கையில் எடுத்தார்.

"உங்களுக்கு வலிக்கிறது விலாவுல அண்ணி. அண்ணனுக்கு வலிச்சது இடுப்புல." டெய்லர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாடம் நடத்தும்போது வரும் குரல் அவரையறியாமல் வந்தது. "ஆயிரம் தடவை அதே மாதிரி அடிச்சாலும் அந்த வலி உங்களுக்கு வராது. அது அவர் உயரத்துக்கு, அவர் எலும்புக்கு வந்தது. உங்க உடம்புல அந்த ஸ்விங் வேற எதையோதான் உடைக்கும். என் தொழில்ல நான் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான். அவர் விஷயத்துலதான் அது எனக்கு உதவல."

அண்ணி இடது கையை மெல்ல விலாவின் மேல் வைத்துக்கொண்டார். கண்ணீர் அப்போதுதான் வந்தது. துடைக்கவில்லை. அது பாட்டுக்கு இறங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பிறகு கதவைத் திறந்து, பக்கத்து அறையில் இருந்த தோழியைக் கூப்பிட்டார். "அடியே, என்னை ஒரு படம் எடு. விலா. டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"உனக்கா? எத்தனை தடவைடி சொன்னேன், முகத்தைப் பார்த்தாலே தெரியுதுன்னு!"

டெய்லர் மறுபடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. வேறொரு குரல் அண்ணியிடம் மூச்சைப் பிடிக்கச் சொன்னது. விடச் சொன்னது.

டாக்டர் பார்த்தார். எலும்பில் விரிசல் இல்லை, தசைதான் நைந்திருக்கிறது என்றார். கொஞ்ச நாளைக்கு எதையும் வேகமாக வீசக் கூடாது. மெதுவாக, வலிக்காத அளவுக்கு ஒரே ஒரு தடவை என்றால் அவர் கண்ணை மூடிக்கொள்வாராம். வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

நடைபாதையில் அண்ணி டெய்லரின் சட்டைப் பையைப் பார்த்தார்.

"டேப் இருக்கா?"

"இருக்கு."

எக்ஸ்ரே அறையின் சுவரோடு முதுகை ஒட்டி அண்ணி நின்றார். கைகளை விரித்தார். வலித்தது போலும், இடது கையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். டெய்லர் அளந்தார். விரல் நுனி, விரல் நுனி. உயரம். சக்கர ஸ்டூலில் உட்கார்ந்து எந்தப் பக்கம் எவ்வளவு திரும்ப முடிகிறது என்று அண்ணி மெல்லத் திரும்பிக் காட்டினார். ஸ்டூல் உருண்டு ஓடாமல் தோழி காலால் அணை கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"இது என்ன வைத்தியம்டி?" என்றாள்.

"சட்டை தைக்கிறோம்" என்றார் அண்ணி.

ஞாயிற்றுக்கிழமை வெயில் இதமாக இருந்தது. முதல் பந்தை அடிக்கும் மேட்டைச் சுற்றிக் கொக்கின் கூட்டாளிகள், புல் வெட்டுகிறவர்கள், கிளப் ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். கிளப் செயலாளர் நாலு வார்த்தை பேசினார். அண்ணி பையிலிருந்து அந்த நீள மட்டையை எடுத்ததும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. எல்லோருக்கும் தெரிந்த மட்டை.

அண்ணி அதை வீசவில்லை. குனியாமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அதைப் புல்லின் மேல் படுக்கவைத்தார். திடலில் டெய்லர் எல்லோருக்கும் குறி பார்க்க ஒரு குச்சியைத் தரையில் போடுவார். அதே போல. மட்டையின் தலை, தூரத்தில் கொடி அசையும் பக்கம் பார்த்தது.

பிறகு டெய்லரிடம் கையை நீட்டினார். டெய்லர் கொடுத்தது திடலில் வாடகைக்கு விடும் குட்டை மட்டை. பிடி தேய்ந்தது.

பந்துக்கு முன் அண்ணி நின்றார். நெருக்கமாக, தன் கை எட்டும் தூரத்தில். மட்டை இடுப்பு உயரம் வரை போனது. எங்கும் நிற்கவில்லை. போன வழியிலேயே சுற்றி வந்தது. சின்ன வீச்சு, தொட்டில் ஆட்டுவது போல. அடித்து முடித்தபோது எடை முழுவதும் இடது காலில் இருந்தது. அண்ணி அதில் ஊன்றி, நேராக நின்றார்.

பந்து உயரப் போகவில்லை. தூரமும் போகவில்லை. கீழே படுத்திருந்த மட்டை காட்டிய திசையில், ஒரு கோடு போட்டாற்போல் போய், கொக்கு வளர்த்த புல்லில் விழுந்து, கொஞ்சம் ஓடி நின்றது.

யாரும் கை தட்டவில்லை. தட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

வக்கீல்தான் முதலில் வாயைத் திறந்தார். "நேரா போச்சேம்மா! நானெல்லாம் வருஷக்கணக்கா அடிக்கிறேன், என் பந்து ஒரு தடவைகூட நான் பார்த்த பக்கம் போனதில்ல."

கூட்டம் சிரித்தது. அப்புறம் கை தட்டியது. அடுத்து அடிக்க வேண்டியவர் வக்கீல். பந்தை வைத்துவிட்டு டெய்லரைத் திரும்பிப் பார்த்தார். டெய்லர் தலையை மட்டும் அசைத்தார். வக்கீல் முக்கால் தூரம் கொண்டுபோய், நிற்காமல் இறக்கினார். பந்து மரத்துக்குள் போனது.

அண்ணி டெய்லர் பக்கத்தில் வந்து நின்றார்.

"வலிச்சுதா அண்ணி?"

"கொஞ்சம். என் வலிதான்." அண்ணி டெய்லர் முகத்தை உற்றுப் பார்த்தார். "தம்பி, மூச்சு விடுங்க."

எப்போதிலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார் என்று டெய்லருக்கே தெரியவில்லை. விட்டார். பிறகு குனிந்து புல்லில் கிடந்த நீள மட்டையை எடுத்து, ஒட்டியிருந்த ஈரப் புல்லைத் தன் சட்டை நுனியால் துடைத்து, பைக்குள் வைத்தார். பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டார். அண்ணி அதற்குள் தன் பந்தை நோக்கி இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தார்.